கண்மாய் மீனைப் படிக்க எங்கே போவது?

கேள்வி: அக்கா, எங்கள் ஊர் கல்லல் பக்கம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தேன். இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறேன், உயிரியல் குரூப். சின்ன வயதிலிருந்து கண்மாய்க்கரையிலேயே வளர்ந்தவள். முன்பு எங்கள் கண்மாயில் கிடைத்த மீன் வகைகளில் பாதி இப்போது இல்லை என்று அப்பத்தா அடிக்கடி சொல்லும். அது ஏன் என்று கண்டுபிடிக்கவும், மீனையும் பறவையையும் பாதுகாக்கிற வேலைக்குப் போகவும் ஆசை. மீன்வளப் பட்டம் படிப்பதா, விலங்கியல் படித்துவிட்டு அப்புறம் வனவிலங்குப் படிப்புக்குப் போவதா என்று குழப்பமாக இருக்கிறது. அப்பாவோ, "மீன் குழம்பு வைக்க ஒரு பட்டமா?" என்கிறார். வீட்டில் எல்லாரும் நர்சிங் சேரச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.
வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். மீன்வளப் பட்டப் படிப்புக்கு, அதாவது பி.எஃப்.எஸ்சி.க்கு, விண்ணப்பம் போடு. இடம் கிடைத்தால் சேர்ந்துவிடு. கூடவே காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ விலங்கியலுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வை. எந்தப் பக்கமாகப் போனாலும் பாதுகாப்பு வேலைக்கு வந்து சேரலாம். ஆனால் அப்பத்தா சொன்னதைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு கேள்வி கேட்கிறாயே, அதற்கு மீன்வளப் படிப்புதான் நேர்வழி என்பது என் எண்ணம். நானும் அதைப் படித்துவிட்டுத்தான் பாதுகாப்புப் பக்கம் வந்தேன்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், கண்மாய் மீனை யாரும் வனவிலங்கு என்று நினைப்பதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் புலி, யானை, மயிலோடு திமிங்கிலச் சுறா, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் இருக்கின்றன. விராலும் அயிரையும் இல்லை. கண்மாயில் நீந்துகிற மீன் அரசுக்கும் ஊருக்கும் ஒரு விளைச்சல். மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, ஏலம் விட்டுக் காசாக்குகிற பொருள். பெரிய கண்மாய் என்றால் தண்ணீர் நீர்வளத் துறையின் பொறுப்பு, சின்னது என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மீன் ஏலம் எடுத்தவருக்கு. கண்மாயின் உட்பகுதியான உள்வாயில் நிற்கிற கருவேல மரத்தில் கூடு கட்டியிருக்கும் நாரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வனத்துறை. ஒரே தண்ணீருக்கு இத்தனை பேர்.

இதற்கு நடுவில் மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று வருகிறவளுக்கு, ஏலம் எடுத்தவரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும். எந்த மாதம் குஞ்சு வாங்கி விட்டார், வலையின் கண் எத்தனை அங்குலம், கிலோ என்ன விலைக்குப் போனது, கடனுக்கு வட்டி எவ்வளவு என்பதெல்லாம் தெரியாமல் போய் "சின்ன மீனைப் பிடிக்காதீர்கள்" என்றால் அவர் காதில் ஏறாது. மீனைக் காக்கிற வேலையில் பாதி, மீன் பிடிக்கிறவரைப் புரிந்துகொள்வது. அதைப் பாடமாகவே வைத்துச் சொல்லிக்கொடுக்கிற படிப்பு மீன்வளப் படிப்பு.

விராலை எடுத்துக்கொள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகியதும் கரையோரம் புல்லும் கோரையும் மூழ்கிக் கிடக்கிற இடத்தில் முட்டையிடும். ஆணும் பெண்ணும் காவல் நிற்கும். குஞ்சுகள் செக்கச் சிவந்த கூட்டமாக மொய்த்துக்கொண்டு, மூச்சு வாங்க மேலே வந்து வந்து போவதை நீயே பார்த்திருப்பாய். அதற்குக் கீழே பெரிய மீன் நிற்கும். தூண்டில் போடுகிறவர்களுக்கு அந்தச் சிவப்புதான் அடையாளம். தவளையைக் கோத்து அங்கே போட்டால், குஞ்சைக் காக்கப் பாய்கிற மீன் கவ்விக்கொள்ளும். காவல் போனதும் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரை. ஒரு மீன் பிடித்ததாகத்தான் கணக்கு, போனதோ ஒரு தலைமுறை. குஞ்சு காக்கிற பழக்கத்தை விலங்கியல் வகுப்பிலும் படிப்பாய். அந்தச் சில வாரம் மட்டும் தூண்டில் போடாமல் இருக்க ஊரைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்பது மீன்வள மேலாண்மை. கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்று அரசே வைத்திருக்கிறது. நம் கண்மாய்களில் ஊர்க்கட்டுப்பாடு எவ்வளவோ அவ்வளவுதான்.

அப்பத்தா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். காரணம் எது என்பதுதான் கடினம், அதில்தான் படிப்பு இருக்கிறது. நம் பக்கத்துக் கண்மாய்கள் கோடையில் வற்றிப்போகிறவை. விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை வந்ததும் வெளியே வரும். கெண்டைக்கு அது முடியாது. அப்படியானால் யாரும் குஞ்சு வாங்கி விடாத அந்தக் காலத்தில், வருஷா வருஷம் கெண்டை எங்கிருந்து வந்தது? மேல் கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு பாயும்போது வெள்ளத்தோடு வந்தது, கீழ்க் கண்மாயிலிருந்து தண்ணீரை எதிர்த்து ஏறி வந்தது. செட்டிநாட்டில் எந்தக் கண்மாயும் தனிக் கண்மாய் இல்லை. ஒன்றின் மிச்சம் அடுத்ததற்கு, அதன் மிச்சம் அதற்கடுத்ததற்கு என்று போய், பாம்பாறு மாதிரியான ஆறுகள் வழியாகப் பாக் விரிகுடாவில் சேர்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலை ஓரிடத்தில் தூர்த்து வீட்டுமனை போட்டுவிட்டால், தண்ணீர் குறைந்தது எல்லார் கண்ணுக்கும் தெரியும். மீன் ஏறி வந்த பாதை அடைபட்டது யார் கண்ணுக்கும் தெரியாது.

இன்னும் சந்தேகப்பட நிறைய இருக்கிறது. ஜிலேபி நம் மீனே இல்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கிற மீன், அதனால் வேகமாகப் பெருகிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே தடை இருக்கிறது, ஆனாலும் குட்டைகளிலிருந்து வெள்ளத்தில் தப்பி வந்துவிடுகிறது. ஏலம் எடுத்தவர் விடுகிற கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆறுகளின் மீன். அயிரைக்கு அடியில் மணல் வேண்டும். மணல் போய் வெறும் களியானால் அதற்கு அங்கே பிழைப்பு இல்லை. வயலுக்கு அடிக்கிற மருந்து, சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்ட உள்வாய், கடைசிக் குட்டையையும் மோட்டார் வைத்து இறைத்துப் பிடிப்பது என்று பட்டியல் நீளும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், மீன்பிடித் திருவிழாவை இதில் சேர்க்காதே. பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாக் கூடையோடு மீன் பிடிக்க இறங்குகிறதே, அது எப்படியும் வற்றப்போகிற தண்ணீர். அதுவரைக்கும் ஒருவரும் வலை போடக் கூடாது என்று ஊர் கட்டிக் காத்ததால்தான் அன்றைக்கு அவ்வளவு மீன். வெளியூரிலிருந்து வருகிற சில ஆர்வலர்கள் இதைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சரி, படிப்புக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் இருக்கிற தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கியது. அதன் கீழ் வருகிற கல்லூரிகளில் மூத்தது தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, 1977ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் உண்டு. பி.எஃப்.எஸ்சி. நாலு வருஷம். நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் உனக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவத்தோடு மீன்வளப் படிப்புக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொடுத்திருக்கிறது. நிறையப் பேர் இதை மருத்துவத்துக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உனக்குக் கிடைக்கும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே போனதும் முதல் வருஷமே பாதுகாப்புப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்காதே. இறால் பண்ணை, தீவனம், மீன் நோய், பதப்படுத்துதல், வலையும் படகும், பொருளாதாரம், புள்ளியியல் என்று உற்பத்திப் பக்கம்தான் பாடம் அதிகம். ஆசையோடு வருகிற பிள்ளைகள் இரண்டாம் வருஷத்தில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். சோர வேண்டாம். இறால் பண்ணைத் தண்ணீரில் அமோனியா அளக்கக் கற்றவளுக்குக் கண்மாய்த் தண்ணீரிலும் அளக்கத் தெரியும். வலையின் கண்ணுக்கும் அதில் சிக்குகிற மீனின் அளவுக்கும் என்ன சம்பந்தம் என்று கணக்குப் போடத் தெரிந்தால், ஊர்க்கூட்டத்தில் அளவு சொல்லிப் பேசலாம். முதுகலையில் மீன்வள ஆதார மேலாண்மை, நீர்ச்சூழல் மேலாண்மை என்று தனிப் பிரிவுகள் உண்டு, உன் இடம் அங்கேதான். மும்பையில் இருக்கிற மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்துக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் கஷ்டம், அப்புறம் பழகிவிடும்.

இடம் கிடைக்கவில்லை என்றால் விலங்கியல். அதை இரண்டாந்தரம் என்று நினைக்காதே. வனவிலங்குப் பக்கம் இருக்கிற பெரும்பாலானவர்கள் அந்த வழியாக வந்தவர்கள்தான். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும், மயிலாடுதுறை மன்னம்பந்தலில் இருக்கிற ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். டேராடூனில் 1982இல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் முதுகலைக்கு நுழைவுத் தேர்வு உண்டு. கோவை ஆனைகட்டியில் இருக்கிற சாலிம் அலி பறவையியல் மையமும் இப்போது அந்த நிறுவனத்தோடு சேர்ந்திருக்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வனவிலங்கு உயிரியலும் பாதுகாப்பும் என்றே ஒரு முதுகலை இருக்கிறது. எடுப்பது கொஞ்சம் பேரைத்தான், ஆனால் மதிப்பெண்ணை விடக் களத்தில் என்ன செய்தாய் என்று பார்ப்பார்கள். கடல் பக்கம் மனம் போனால் நம் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்திலேயே கடலியல் இருக்கிறது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கான பாதுகாப்பகம் என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கேயும் இதே கதைதான்: ஆவுளியா தின்கிற கடற்புல் இருக்கிற இடத்தில்தான் மீனவர்கள் வலை போடுகிறார்கள், அவர்களோடு பேசாமல் ஆவுளியாவைக் காக்க முடியாது.

இந்திய வனப் பணித் தேர்வுதான் உன் குறி என்றால் மட்டும் என் பதிலை மாற்றிக்கொள். அதற்குக் கேட்கிற பட்டப் பாடங்களில் விலங்கியல் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவளுக்கு விலங்கியல் பாதுகாப்பான தேர்வு.

வேலை பற்றி அப்பா கவலைப்படுவது நியாயம். "மீன் குழம்பு" என்று அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. படிப்பு முடித்து என்ன சம்பாதிப்பாள் என்பதைத்தான் அவர் அப்படிக் கேட்டிருக்கிறார். மீன்வளப் பட்டத்துக்கு மீன்வளத் துறையில் ஆய்வாளர், உதவி இயக்குநர் பணிகள் உண்டு, தேர்வாணையம் வழியாக வரும். வங்கிகளில் விவசாயக் கள அலுவலர் பணிக்கும் இந்தப் பட்டம் தகுதி. குஞ்சுப் பொரிப்பகம், தீவனக் கம்பெனி, ஏற்றுமதி நிறுவனம் என்று தனியார் பக்கமும் ஆள் எடுக்கிறார்கள். வனவிலங்கு ஆராய்ச்சியில் ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் திட்டத்தை ஒட்டி வருகிறவை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஒப்பந்தம், அது முடிந்தால் அடுத்த திட்டம் தேட வேண்டும். முனைவர் பட்டம் வரை போகாமல் அதில் காலூன்றுவது கடினம். வீட்டில் பணக் கஷ்டம் இருந்தால் இந்த வித்தியாசம் பெரிது. நான் முதல் வழியைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நர்சிங் நல்ல படிப்பு, நல்ல தொழில். ஆனால் மனமில்லாமல் போய்ச் சேர்கிறவளால் அங்கே நோயாளிக்கும் நல்லதில்லை.

பெண் பிள்ளை களத்துக்குப் போவதா என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். வரத்தான் செய்யும். மீன்வளக் கல்லூரிகளில் இப்போது பெண்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள், விடுதி இருக்கிறது. களத்தில் கஷ்டமும் இருக்கிறது. மீன் இறங்குதளத்தில் விடியற்காலை நிற்க வேண்டும், பக்கத்தில் கழிப்பறை இருக்காது, படகில் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும். இதையெல்லாம் அப்பாவிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. அவராகத் தெரிந்துகொண்டால் பயம் கூடும். நீச்சல் தெரியுமா என்று நீ எழுதவில்லை. தெரியாவிட்டால் இந்த விடுமுறையிலேயே கற்றுக்கொள்.

இந்தக் கோடையில் இன்னொன்றும் செய்யலாம். உங்கள் பக்கம் அடுத்து எந்தக் கண்மாயில் மீன்பிடித் திருவிழா என்று விசாரித்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. கரையேறுகிறவர்களின் பையில் என்னென்ன மீன் என்று கேட்டு, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடு. கண்மாயின் பெயர், தேதி, மீனின் ஊர்ப்பெயர், எந்த இடத்தில் பிடித்தது என்று ஒரு நோட்டில் எழுது. திரும்பி வந்து அப்பத்தாவிடம் உட்கார்ந்து, அது சொல்கிற பழைய மீன்களை ஒவ்வொன்றாகக் கேள். எந்த மாதம் கிடைக்கும், எதில் பிடிப்பார்கள், எப்போது கடைசியாகப் பார்த்தது என்று எழுதிக்கொள். இல்லாமல் போனது என்று அது நினைக்கிற மீன் அடுத்த கண்மாயில் இருக்கிறதா என்று பார். இருந்தால் இரண்டுக்கும் நடுவில் வரத்துக்கால் எப்படி இருக்கிறது என்று நடந்து போய்ப் பார். இது விளையாட்டு வேலை இல்லை. நம் பக்கத்துச் சின்னக் கண்மாய்களுக்கு இப்படி ஒரு பட்டியல் கிடைப்பது அபூர்வம். ஒழுங்காக எழுதிய நோட்டு, பிற்பாடு எந்த நேர்முகத்திலும் உனக்காகப் பேசும்.

மழைக்காலம் வந்ததும் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்கு ஒரு நடை போய் வா. 1977இல் சரணாலயம் என்று அறிவித்தார்கள். மூன்று கண்மாய் சேர்ந்தது, மொத்தமே 40 ஹெக்டேருக்குள்தான். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அங்கே கூடு கட்டும். அவை குஞ்சு பொரிக்கிற நேரம் என்பதால் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் பேசிப் பார். சட்டப் பலகை செய்யாத வேலையை ஓர் ஊர் செய்துகொண்டிருக்கிறது. பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், உன் கண்மாயையும் அதில் சேர்க்கலாம். நாரைக் குஞ்சு எத்தனை என்று எண்ணும்போது, அது தின்கிற மீனும் நத்தையும் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்கிற கண் உனக்கு இப்போதே இருக்கிறது, மீனையும் பறவையையும் சேர்த்துத்தானே எழுதியிருக்கிறாய்.

விண்ணப்பத்துக்கு முன்னால் காகித வேலை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கு. வீட்டில் நீதான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே பதிந்துவிடு; கடைசி நேரத்தில் சர்வர் சரியாக வேலை செய்யாது. கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது தூத்துக்குடியை முதலில் போடு. கடலும் உப்பளமும் பக்கத்தில், மன்னார் வளைகுடாத் தீவுகளும் தொலைவில்லை, நூலகமும் பழையது. விலங்கியலுக்குக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி முன்னால் வந்துவிட்டால், கட்டிச் சேர்ந்துகொண்டு இதற்குக் காத்திரு. இடம் வந்ததும் மாறிக்கொள்ளலாம், ஆனால் மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகும் என்று அந்தக் கல்லூரி அலுவலகத்தில் முன்பே கேட்டு வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா